தூசிக்குத் தூசியே மருந்தா?

ஒவ்வாமைக்கு ஊசி போட்டுக்கொண்டால் மூச்சிரைப்பு ஒரேயடியாகப் போய்விடுமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சபையில் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் கேட்கிறார்கள். போகும் என்றோ போகாது என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய் வந்தவள். என் கணவர் செல்லத்துரைக்கு பரேலில் ஒரு மில்லில் வேலை, பஞ்சைப் பிரித்துச் சீவுகிற பகுதியில். எங்களுக்கு ஒரே அறை. ஒரு பக்கம் குயவர்களின் சூளைப் புகை, இன்னொரு பக்கம் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை தைக்கிறவர் பஞ்சடிக்கிற சத்தம். முதல் வருஷம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வருஷம் குளிர் ஆரம்பித்த கையோடு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அனுபவிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காற்று உள்ளே போகவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போன காற்று வெளியே வராததுதான் கொடுமை. நெஞ்சு ஊதி நிற்கும், விசில் மாதிரி ஒரு சத்தம் வரும், பேச வாயெடுத்தால் ஒரு சொல்லுக்குமேல் வராது.

சந்துக்காரர்கள் டி.பி. என்று முடிவு கட்டிவிட்டார்கள். குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சில் ஒன்றும் இல்லை, இது ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். அதை நான் சொன்னபோது பக்கத்து வீட்டம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தன் குடத்தை நகர்த்தினாள். கொடுத்த மாத்திரையைப் போட்டால் மூச்சு கொஞ்சம் திறக்கும், கூடவே கை நடுங்கும். கரும்பலகையில் நான் எழுதிய 'அ' பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாமல் போனது.

மூன்றாவது குளிர்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் ஒவ்வாமைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் விசாலம், பம்பாயிலேயே மாதுங்காப் பக்கத்துத் தமிழர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். தமிழில் பேசினதே எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி, அவரைச் சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்ததும் போய்விட்டது. நம்மை வைத்துப் படிக்கிறார்கள் என்று தோன்றியது.

முன்னங்கையில் வரிசையாகச் சொட்டு மருந்துகளை வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி முனையால் லேசாகக் கீறினார்கள். வீட்டுத் தூசி ஒரு சொட்டு, பஞ்சுத் தூசி ஒரு சொட்டு, பூஞ்சணம், மகரந்தம், இறகு என்று ஏதேதோ. கொஞ்ச நேரத்தில் சில இடங்கள் கொசு கடித்த மாதிரி தடித்தன. வீட்டுத் தூசி வைத்த இடம் நாலணாக் காசு அளவுக்கு வீங்கி அரித்தது.

"ஊசியால கீறினா யாருக்குத்தான் வீங்காது?" என்று கேட்டேன்.

டாக்டர் ஓரத்தில் இருந்த ஒரு கீறலைக் காட்டினார். "இங்கேயும்தான் கீறினேன். இதிலே வெறும் உப்புத் தண்ணி. வீங்கித்தா? இல்லையே."

பிறகு விளக்கினார். தூசியை உடம்பு எதிரி என்று தப்பாக நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் மூச்சுக் குழாய்கள் சுருங்கி வீங்குகின்றன. அதே தூசியிலிருந்து எடுத்த சாரத்தை, மிக மிகக் கொஞ்சத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டிக்கொண்டே ஊசியாகப் போட்டால் உடம்பு பழகிக்கொள்ளும். பிறகு மாதம் ஒன்று. மொத்தம் மூன்று வருஷம் ஆகலாம்.

"மூணு வருஷம் போட்டா முழுசா நல்லாயிருமா?"

"தெரியாதும்மா. சில பேருக்கு நன்னா கேக்கறது. சில பேருக்குப் பாதி. சில பேருக்கு ஒண்ணுமே ஆகறதில்லே. உங்களுக்கு எப்படின்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

தெரியாது என்று சொல்வதற்கா இவ்வளவு படித்தார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் கணவரின் அக்கா ரத்தினம் எங்கள் சந்திலேயே இருக்கிறார். அவரை மைனி என்றுதான் கூப்பிடுவேன். விஷயத்தைக் கேட்டதும் மைனி மூக்கில் விரலை வைத்தார். "ஏட்டி, எந்தத் தூசி ஆவலியோ அதையேவா ஊசியில ஏத்துதாவ? பாம்பு கடிச்சவளுக்கு இன்னொரு பாம்ப விட்டுக் கடிக்க வச்ச கதைல்லா இருக்கு!"

அப்படியும் போனேன். சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. அதிலும் எனக்குச் சந்தேகம். நல்ல மருந்து என்றால் ஏன் காவல் வைக்கிறார்கள்?

ஒரு வாரம் ஊசி போட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் இருக்கும்போதே உள்ளங்கை அரித்தது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாய் எழும்பியது. தொண்டையில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி ஆனது. மலையாளத்து சிஸ்டர் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். டாக்டர் வந்து தொடையில் வேறொரு ஊசி போட்டார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் தொண்டை திறந்தது.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். "அளவைக் கொஞ்சம் வேகமா ஏத்திட்டேன். என் தப்புதான். அடுத்த வாரம் குறைச்சுப் போடலாம்" என்றார்.

தப்பு என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு அடுத்த வாரம் எப்படிப் போவேன்? போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருடன் வேலை பார்க்கிற ஒருவர் பக்கத்தில் சயன் பகுதியில் இருந்த தனி டாக்டரைப் பற்றிச் சொன்னார். அவரும் ஒவ்வாமைக்குத்தான் ஊசி போடுகிறாராம். வெளிநாட்டு மருந்தாம். மூன்று வருஷம் எல்லாம் இல்லை, மாதம் ஒன்றாக ஆறே ஊசி. கிளினிக்கில் சுத்தமான நாற்காலிகள், சுழலுகிற மின்விசிறி. டாக்டர் கம்பீரமாக இருந்தார். கையைக் கீறவில்லை, மாணவர்கள் இல்லை. என் நாடியைப் பிடித்தார், "ஏக்தம் டீக் ஹோ ஜாயேகா" என்றார். அடியோடு சரியாகிவிடும் என்று அர்த்தம். என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. குணமாகும் என்ற சொல்லை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

இவரையும் நான் சந்தேகப்படத்தான் செய்தேன். ஆனால் அந்தச் சந்தேகம் இரண்டே நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது நெஞ்சில் விசில் இல்லை. ரயில்வே மேம்பாலத்தின் படிகளில் நிற்காமல் ஏறினேன். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தேன், எதிரில் வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாடல் குழுவோடு தெருத் தெருவாய்ப் போய்ப் பாடினேன். பசி வந்தது, சதை பிடித்தது. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன.

"இப்பத்தாம்ட்டி ஒம் மூஞ்சி மூஞ்சியா இருக்கு" என்று மைனி என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரலை மடக்கிச் சொடக்கெடுத்தார். பக்கத்து வீட்டம்மாவே குடத்தைத் தள்ளி வைக்க மறந்தாள்.

மேலுதட்டில் முடி அரும்பியதையும், லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போவதையும் நான் மட்டும் கவனித்தேன். டாக்டரிடம் கேட்டேன். உடம்பு தேறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்றார். ஆறு ஊசி முடிந்தது. இன்னும் ஆறு போட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லை என்றார். மூச்சு வருகிறதே, போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு தடவை போனபோது கிளினிக் பூட்டிக் கிடந்தது. டாக்டர் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். சரி, ஒரு ஊசி தள்ளிப்போனால் என்ன என்று வந்துவிட்டேன். அதற்கு அடுத்த மாதமும் பூட்டு தொங்கியது. என் கையும் காலும் வலுவில்லாமல் தொய்ந்துகொண்டே வந்தன. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. மழைக்காலம் பிறந்த வாரத்தில், மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது மூச்சு நின்றது. நின்றது என்பதைச் சும்மா சொல்லவில்லை. மேஜையைப் பிடித்தேன், மேஜையும் என்னோடு வந்தது. ஹெட்மாஸ்டரும் இன்னொரு டீச்சரும் தூக்கி டாக்ஸியில் போட்டார்களாம். எனக்கு அது நினைவில்லை.

கண் திறந்தபோது முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி, கையில் குளுக்கோஸ் குழாய். அதே பெரிய ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து பெரிய ஊசியில் இருந்த மருந்தை நரம்பில் சொட்டுச் சொட்டாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வேகமாகத் தள்ளினால் இருதயம் தாங்காது என்பதால் அவ்வளவு மெதுவாம். படுக்க முடியாது. முன்னால் குட்டை மேஜை ஒன்றைப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்துக் குனிந்தபடி பகலும் இரவும் கிடந்தேன்.

மைனி காலையில் பஸ் பிடித்துக் கஞ்சி கொண்டுவருவார். ஒரு கரண்டி ஊட்டுவார், நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பார், மறு கரண்டி ஊட்டுவார். ஒரு தம்ளர் கஞ்சி முடிய வெயில் ஏறிவிடும். வாய் ஓயாத அந்த மனுஷி அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார். பதில் சொல்ல நான் மூச்சைச் செலவழித்துவிடக் கூடாதாம். என் கணவர் ஷிப்ட் முடிந்து நேராக வருவார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். சிஸ்டர் அவரை வாசலிலேயே மடக்கி, குழாயில் தலையைக் கழுவி வேறு சட்டை போட்டபிறகுதான் உள்ளே விடுவாள்.

என்னைப் பார்க்க டாக்டர் விசாலம் வந்தார். ஏன் ஊசியை விட்டாய் என்று கேட்பார் என்று பயந்திருந்தேன். அவர் என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், கையில் இருந்த கன்றல்களைப் பார்த்தார், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற யார்ட்டயாவது ஊசி போட்டுண்டேளா?"

தலையாட்டினேன்.

"போடறதுக்கு முன்னாடி குப்பியைக் குலுக்கினாரா? குலுக்கினா பால் மாதிரி ஆச்சா?"

ஆமாம், ஒவ்வொரு தடவையும் குலுக்குவார். உள்ளே வெள்ளையாய் எழும்பும். இவருக்கு எப்படித் தெரியும்?

"நாங்க போட்ட தூசி மருந்து தெளிவா இருந்ததே, ஞாபகம் இருக்கா? இது வேற. இது ஸ்டீராய்டு."

நிதானமாகச் சொன்னார். நம் உடம்பே தினமும் சுரக்கிற ஒரு சத்து அது. வெளியிலிருந்து நிறையக் கொடுத்தால் மூச்சுக் குழாய் வீக்கம் மாயமாய் வற்றிவிடும். உயிர் போகிற நேரத்தில் அது நல்ல மருந்துதான். இப்போது உங்களுக்கு ஏறுவதும் அதுவேதான். ஆனால் மாதக் கணக்கில் போட்டால் உடம்பு, 'வெளியிலிருந்து வருகிறதே' என்று தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். முகம் உருண்டையாகும், தோல் மெலியும். அப்புறம் திடீரென்று ஊசியை நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. அதுதான் நடந்தது. இனி மாத்திரையாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

என் கணவர் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சயனுக்குப் போயிருக்கிறார். கிளினிக் திறந்திருந்ததாம். சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மருந்து போட்டியன்னு கேட்டேன். ஸ்பெஷல் மருந்துன்னான். பேரு என்னன்னு கேட்டேன். ஒனக்குச் சொன்னா வெளங்குமான்னு சிரிச்சான். மேஜையில இருந்த குப்பிய எடுத்துப் பாத்தேன் எஸ்தர். லேபிள பிளேடு வச்சுச் சொரண்டியிருக்கான். எல்லாக் குப்பியிலயும் சொரண்டியிருக்கான்." என் போர்வையை இழுத்துக் காலை மூடினார். "வெளிய ஒரு கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு. நான் சத்தம் போட்டேன். அவங்கதான் என்னையப் பிடிச்சு வெளிய தள்ளுனாங்க."

நோயாளிகளே அவரைத் தள்ளினார்கள் என்பதை நினைத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்தக் கூட்டத்தில் இரண்டு மாதத்துக்கு முன் நான் இருந்திருந்தால் நானும் தள்ளியிருப்பேன்.

வீடு திரும்பி, மாத்திரையை வாரம் வாரமாகக் குறைத்து, முகம் பழையபடி ஒட்டிப்போன பிறகு டாக்டர் விசாலம் மறுபடியும் தூசி ஊசிப் பேச்சை எடுத்தார். எனக்கு எந்த ஊசியைக் கண்டாலும் பயமாக இருந்தது. நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மைனி சொல்லியிருந்தார், "சரின்னு சொல்லிராத."

"உங்களை நான் எப்படி நம்புறது?" என்று டாக்டரிடமே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நம்ப வேண்டாம். குப்பியைக் கையிலே வாங்கிப் பாருங்கோ. என்ன மருந்து, போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவுன்னு கேளுங்கோ. பதில் சொல்லாம எவன் போட வந்தாலும் கையைக் குடுக்காதீங்கோ, நானா இருந்தாலும் சரி."

அப்படித்தான் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், லேபிளை வாய்விட்டுப் படித்தேன், அளவைக் கேட்டேன். பெஞ்சில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். சளி, காய்ச்சல், லேசான இரைப்பு இருந்தால்கூட அன்றைக்கு ஊசி கிடையாது என்று டாக்டர் திருப்பி அனுப்புவார். புதிதாக வந்த டாக்டர்கள் என்னைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், "வந்துட்டாங்க இன்ஸ்பெக்டர்" என்று சிஸ்டர் சிரிப்பாள்.

முதல் வருஷம் ஒரு வித்தியாசமும் இல்லை. அதை மறைக்க மாட்டேன். விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். இரண்டாம் குளிர்காலத்தில் மூச்சிரைப்பு வந்தது, ஆனால் மாத்திரையோடு அடங்கியது. மூன்றாம் வருஷம் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. அதற்குள் செம்பூரில் ஒரு அறை கிடைத்துக் குடிபோயிருந்தோம். சூளைப் புகை போயிற்று, ரஜாய்க்காரரின் பஞ்சுத் தூசியும் போயிற்று. பஞ்சுத் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு மடித்த சேலையில் தலை வைத்துப் படுத்தேன். நல்லானது ஊசியாலா, வீடு மாறியதாலா என்று கேட்டேன். "ரெண்டாலயும் இருக்கலாம். எதனால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை" என்றார் டாக்டர். ஊசியை நிறுத்தி இப்போது ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் போய்விட்டன. இரைப்பு அடியோடு போகவில்லை, அவ்வப்போது வருகிறது. பயமில்லாமல் இருக்கிறேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் சில மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லாவிட்டால், எப்படி நம்புவது என்ற என் கேள்விக்கு எனக்கே கிடைத்த பதில் விட்டுப்போகும்.

என் கணவருக்கு இருமல் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குப் போனால் சாயங்காலம் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், வாரக் கடைசியில் தணியும். இவருக்கும் என் நோய்தான் என்று நினைத்தேன். ஊசி போட்டால் சரியாகும் என்று நானே தைரியம் சொல்லி அழைத்துப் போனேன். ஊசிக்காரர்களைக் கண்டாலே முறைக்கிற மனிதர், எனக்கு நல்லானதைப் பார்த்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்தார்.

டாக்டர் விசாலம் கையைக் கீறிப் பார்த்தார். ஒன்றும் தடிக்கவில்லை. எந்தக் கிழமையில் அதிகம், மில்லில் எந்தப் பகுதி, எத்தனை வருஷமாய் என்று துருவித் துருவிக் கேட்டார்.

"உங்களுக்கு ஊசி வேண்டாம்" என்றார்.

என் கணவர் மடித்த கையை இறக்காமலே கேட்டார். "இவளுக்குக் கேட்டுச்சுல்லா டாக்டர்? எனக்கும் போட்டுப் பாப்பமே. எத்தன வருசம்னாலும் வாரேன்."

"கேக்காது. உங்களது ஒவ்வாமை இல்லே. மில் பஞ்சுத் தூசி நேரா நுரையீரலைக் கெடுக்கறது. நான் வாரா வாரம் ஊசி போட்டுண்டே இருப்பேன், நீங்களும் அந்தத் தெம்பிலே அங்கேயே வேலை பாத்துண்டு இருப்பேள். நெஞ்சு போயிடும். டிபார்ட்மெண்ட்டை மாத்துங்கோ. அதுதான் மருந்து."

போடுங்கள் என்று கையை நீட்டுகிறவனிடம் ஒரு டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தனை வருஷமாய் நான் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கிடைக்காத நம்பிக்கை அந்த ஒரு சொல்லில் கிடைத்தது. யாருக்குப் போட வேண்டும் என்று தெரிந்தவரைவிட, யாருக்குப் போடக் கூடாது என்று சொல்கிறவரைத் தேடுங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போது சொல்கிறேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவருக்கு ஏமாற்றம்தான். "டிபார்ட்மெண்ட்ட மாத்துன்னா சும்மாவா? சம்பளம் கொறயும். ஆளப் பிடிக்கணும். ஊசின்னா வந்து கைய நீட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

"அதுக்குத்தான் அந்த சயன்காரர் இருக்காரே, போங்க" என்றேன்.

பஸ் வந்தது. ஏறி இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தவர், செம்பூர் நாக்கா நிறுத்தத்தில் இறங்கும்போது, "துணி மடிக்கிற டிபார்ட்மெண்ட்ல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் ஜாபரா இருக்கான், ஆள் எடுக்க மேஸ்திரி அவன்தான். நாளைக்கு அவனப் பாக்கேன்" என்றார்.

பார்த்தார். நான்கு மாதம் அலைந்த பிறகு இடம் கிடைத்தது. இப்போது திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுப் படியேறி வரும்போது, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் மூச்சைக் காது கொடுத்துக் கேட்கிறேன்.